நாற்பது லட்சம்

பதிவேட்டில் எழுதும்போது வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்:
பெனிசிலின், நாற்பது லட்சம்.
"நாப்பது லட்சமா? இம்புட்டுக் குப்பிக்குள்ளயா?"
ரூபாய் இல்லை, யூனிட் என்றேன்.
ஒச்சம்மாள் சிரித்தபோது
புருவத்திலிருந்து காய்ந்த சிமென்ட் உதிர்ந்தது.

செல்லம்பட்டி கால்நடை ஆஸ்பத்திரி வேம்படியில்
ஜெர்சிக் கலப்பு, மூன்றாம் ஈத்து.
இடது பின்காம்பில் அனல்.
பீய்ச்சினால் திரிதிரியாக வந்தது.

தண்ணீர் ஏற்றிக் குலுக்கினேன்.
பொடி வெள்ளைக் குழம்பானது.
"இதுவும் பாலு மாதிரியில்ல இருக்கு."
கழுத்துச் சதையில் ஊசி இறங்க
மாடு ஒருமுறை கயிற்றை இழுத்து விட்டது.

"கிருமியக் கொன்னுருமா?"
கொல்லும், என்று தொடங்கி
அவள் கையைப் பார்த்ததும் மாற்றிச் சொன்னேன்.
ஒன்று இரண்டாகும்போது
கிருமி தனக்குப் புதுச்சுவர் எழுப்பும்.
வரிசையை வரிசையோடு பிணைக்கிற கொத்தனின் கையை
இந்த மருந்து பிடித்துக்கொள்ளும்.
கல் மேல் கல் ஏறும், கலவை பிடிக்காது.
சுற்றிலும் தண்ணீர்.
உள்ளே ஏறி, ஊதி, வெடித்துவிடும்.

"அப்ப மாட்டுக்கு?"
மாட்டின் செல்லுக்குச் சுவரே கிடையாது, வெறும் ஜவ்வு.

"கட்டி முடிச்ச வீட்ட என்ன செய்யும்?"
கல்லூரியில் என் வகுப்பில் யாரும் இதைக் கேட்டதில்லை.
சும்மா கிடப்பதைத் தொடாது, என்றேன்.
அது என்றைக்காவது கட்ட எழும்பும்.
அதனால்தான் ஐந்து நாள் ஊசி.
அதற்கப்புறம் மூன்று நாள்.
அதுவரை பாலைச் சொசைட்டியில் ஊத்தாதீங்க,
கன்னுக்கும் விடாதீங்க.

விரல் மடக்கினாள்.
எட்டு நாள் பால்,
மூன்று நாள் சித்தாள் கூலி.

மூன்றாம் நாள் மடி இளகியது.
நான்காம் நாள் மாடு வரவில்லை.
உசிலம்பட்டி ரோட்டில் கான்கிரீட் வேலை என்றார்கள்.

கார்த்திகை மழையில் வந்தாள்.
அதே காம்பு, கல்லாக.
அதே குப்பி. வீக்கம் வற்றவில்லை.
மதுரைக்குப் பால் அனுப்பி வந்த காகிதத்தில்
பெனிசிலினுக்கு நேரே வட்டமில்லை.
மிஞ்சிய வம்சம் கத்தரிக்கோலோடு இருந்தது;
மருந்து கையைப் பிடிக்குமுன்
மருந்தை நறுக்கிவிடும்.

வேறு மருந்து போட்டேன்.
மூன்று காம்பு தப்பியது.

நான் திட்டவில்லை.
கயிற்றை அவிழ்த்துக்கொண்டே அவள்தான் சொன்னாள்:
"சென்ட்ரிங்க மூணாம் நாளே பிரிச்சுட்டேன், டாக்டர்."

அந்த நான்காம் நாள் பால் எங்கே போனதென்று
கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

செக்கானூரணி முக்கில் டீ வைத்தார்கள்.
ஆடை படர்ந்திருந்தது.
ஊதி விலக்கிவிட்டுக் குடித்தேன்.