போயா நாள் கேத்தில்

முழுநிலவு நாளில் நாடு முழுக்கச் சாராயக் கடைக்குப் பூட்டு.
இன்பருட்டிக் கடற்கரை விடுதியில் மட்டும்
அன்றைக்குத் தேநீர் அதிகம் ஓடும்:
பீங்கான் கேத்திலில் பியர்,
சோசர் வைத்த கோப்பையில் நுரை.
பொலிஸ் ஜீப் கடந்தால் யோஸ்ட் கரண்டி எடுத்துக் கலக்குவார்.
மூன்று வருசமாய் அதே பகிடி.
மூன்று வருசமாய்ச் சிரிக்கிறார்கள்.

நான் ஐஸ் கொண்டு போறவன்.
உமி தூவி, சாக்குப் போர்த்தி, ஓட்டோவின் பின்சீற்றில்
மீன்வாடிக்கு இருபது கட்டி,
விடுதிக்கு இரண்டு.
மிஸ்டர் ஐஸ் என்பார்கள். நானும் ஓம் என்பேன்.

வெள்ளி ஐந்தரைக்குக் கூடுவார்கள்.
கண்ணிவெடி கிண்ட வந்து, கிண்டி முடிந்தும் திரும்பாத யோஸ்ட்,
பவளப்பாறை எண்ணுகிற கிர்ஸ்ட்டன்,
சூரிச்சில் பஸ் ஓட்டி ஓய்ந்த சுகிர்தன் அண்ணை
(எங்கட ஆள்தான், ஆனால் அந்த மேசையில்தான் இருப்பார்).
விசா, நாய்க்கு ஊசி, நல்ல வெண்ணெய் எங்கே கிடைக்கும்,
யார் யாரோடு, யார் யாரை விட்டு.
ஒருத்தி வராத கிழமையில்
அவளின் கதிரையில் இன்னொருவர் குந்தமாட்டார்.
தங்களுக்குக் கோயில் இல்லை என்றுதான் சொல்லிக்கொள்வார்கள்.

கொடியேறினால் விடிய நாலரைக்கு ஒலிபெருக்கி.
"சாமி வீட்டுக்குள்ளே இருக்கவேணும்" என்றார் யோஸ்ட்,
கண் சிவந்து.
"இங்கே வீடெல்லாம் சின்னன்" என்றார் சுகிர்தன் அண்ணை.

அடுத்த நாள் பொருளாளர் குலவீரசிங்கம் வந்தார்,
கக்கத்தில் பற்றுச்சீட்டுப் புத்தகம்.
பத்து நாளும் மீன் பொரிக்கவேண்டாம்,
மணம் வீதிவரை வருகுதாம்.
பியர்?
"அது அரசாங்கத்தின்ர பாடு. எங்களுக்கு மீன்தான்."

யோஸ்ட் ஐயாயிரம் எழுதினார்,
வாயை அடைக்கவோ, வழக்கத்துக்கோ தெரியாது.
மறுநாள் நாலரைக்கு
தேவாரத்துக்கும் பால்மா விளம்பரத்துக்கும் நடுவில்
"ஒல்லாந்து தேசத்து அன்பர் யோஸ்ட் அவர்கள்"
என்று கடல்வரை கேட்டது.
போனில் பிடித்துத் தமக்கைக்கு அனுப்பினாராம்.
பிறகு சத்தத்தைப் பற்றி ஒரு கதையும் இல்லை.

தேர் அன்று பௌர்ணமி.
யோஸ்டுக்கு வேட்டி, அதன்மேல் தோல் பெல்ட்.
கிர்ஸ்ட்டனுக்குச் சந்தனம், பூ, முன் வரிசை.
குலவீரசிங்கமே கையைப் பிடித்து
வடத்தில் வைத்துவிட்டார். படம் எடுத்தார்கள்.

மோர்ப் பந்தலுக்கு ஐஸ் என்னுடையது.
ஆறு கட்டி, காசு முற்பணம்.
பந்தல் கம்புவரை நான் கொண்டுபோவேன்,
அங்கிருந்து வேறு கை வாங்கும்.
உருகினபிறகு அது யாருடைய தண்ணீர் என்று
குடிக்கிறவர் எவரும் கேட்டதில்லை.
எங்கள் ஒழுங்கையில் வடம் தொட்டவர் இல்லை.
அப்படியொரு அறிவித்தலும் ஒட்டியில்லை.
ஒட்டியிருந்தால் ஒரு இரவில் கிழித்திருப்போம்.

தேர் இருப்புக்கு வந்து, வெயிலும் சாய,
ஓட்டோவடிக்கு வந்தாள் கிர்ஸ்ட்டன்.
உள்ளங்கை இரண்டும் தோலுரிந்து சிவப்பாய்.
"ஐஸ்?" என்றாள்.
சாக்கைத் தூக்கி ஒரு மூலையை உடைத்துக்
கைலேஞ்சியில் சுற்றிக் கொடுத்தேன்.
வலியிலும் சிரித்தாள். என்ன பாரம், என்ன சனம்,
நீ ஏன் வரேல்லை, அடுத்த வருசம் வா, என் பக்கத்தில் நில்
என்று அரைத் தமிழில் அடுக்கினாள்.

எந்த மொழியில் தொடங்குவது?
யாவாரம் இருந்தது என்றேன்.

லேஞ்சியைத் திருப்பித் தந்தாள்.
ஈரத்தில் ஒட்டிக்கொண்டு
வடத்தின் நார் இரண்டு, மூன்று.
உதறவில்லை. பொக்கற்றுக்குள்ளும் வைக்கவில்லை.
ஹான்டிலில் கட்டிவிட்டு
விடுதிக்கு விட்டேன் ஓட்டோவை.

போயா இரவு.
கேத்திலுக்கு இன்னும் இரண்டு கட்டி வேணுமாம்.