நாற்பது வினாடி

கம்பளித் தொப்பியைக் கவிழ்த்துப் பிடித்தாள் உனெல்மா.
உள்ளே பத்துச் சீட்டு.
யமம் ஐந்து, நியமம் ஐந்து.
"புது வருஷத்துக்கு ஆளுக்கொரு சொல் போதும்" என்றாள்.
"எடுத்ததை மாற்றித் தர மாட்டேன்."

டிசம்பர் முப்பத்தொன்று, மாலை நாலு மணி.
குவோப்பியோவில் சூரியன் போய் ஒரு மணி நேரமாகிவிட்டது.
பள்ளிக்கூட ஜிம்மில்
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே எங்கள் பாய்கள்.
ரேடியேட்டர் மேல் ஈரக் காலுறைகள்.

உர்ப்போவுக்கு அபரிக்கிரகம் வந்தது:
வேண்டாததைச் சேர்க்காமை.
அவர் கொட்டகையில் ஏழு படகு மோட்டார் இருக்கிறது,
படகு ஒன்றுகூடக் கிடையாது.
அவரே சொல்லிச் சிரித்தார்.
யாரும் கூடச் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார்.
செவிலி ஸைமிக்குச் சந்தோஷம்,
போதுமென்ற மனம்.
இரட்டை ஷிஃப்ட் முடித்து வந்தவள்
சீட்டைப் பிடித்தபடியே தூங்கிப்போனாள்.

எனக்கு அஸ்தேயம்.
கள்ளாமை.

ஏமாந்த மாதிரி இருந்தது.
இருபத்திரண்டு வருஷமாகப் பேருந்து ஓட்டுகிறேன்.
இருக்கைக்கு அடியில் கிடந்த பணப்பை,
ஒற்றைக் கையுறைகள், ஒருமுறை பொய்ப்பல் செட்டு,
எல்லாவற்றையும் டெப்போவில் ஒப்படைத்து
ரசீது வாங்கியவள்.
என்னிடம் வந்தா களவைப் பேசுவது?
வாய்மை வந்திருந்தால்கூடக் கொஞ்சம் பயந்திருப்பேன்.

சவாசனத்தில் படுத்தேன்.
தோள் தளர்ந்தது, தாடை தளர்ந்தது,
கண்ணாடி மட்டும் தளரவில்லை.

வண்டிக்கு வெளியே வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்குமே,
அந்தக் கண்ணாடி.
அதில் ஒருத்தி ஓடி வருகிறாள்.

பதினான்காம் எண், கடைசி வண்டி,
சலவைக்கூட நிறுத்தம்.
பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு எடுக்க வேண்டியதை
நாற்பது வினாடி முந்தி எடுத்தேன்.
ஒரு நாளா இரண்டு நாளா!
முனையத்தில் ஒரு சிகரெட்டுக்கு
அது கணக்காக இருக்கும்.

அன்றைக்குக் குளிர் மைனஸ் இருபத்தாறு.
அவள் நடை ஓட்டமாயிற்று,
ஓட்டம் கையசைப்பாயிற்று,
கையசைப்பு ஒரு புள்ளியாயிற்று.
பார்த்தேன்.
பார்க்காதவள் போல வேகமெடுத்தேன்.

அவளுடைய நாற்பது வினாடியை
நான் புகைத்திருக்கிறேன்.
எந்த டெப்போவில் ஒப்படைப்பது அதை?

நள்ளிரவில் கவுக்கோ அடுப்பில் வெள்ளீயம் உருக்கினான்.
வழக்கம்போல வாளித் தண்ணீரில் ஊற்றினோம்.
உறைந்த கட்டியை மெழுகுவர்த்திக்கு நேரே திருப்பிச்
சுவரில் நிழல் பார்த்தான்.
"கப்பல்! இந்த வருஷம் உனக்குப் பயணம்."
எப்போதும் ஆமாம் என்பேன்.
"எனக்கு வெறும் ஈயமாகத்தான் தெரிகிறது" என்றேன்.
வெளியே வாணங்கள்,
கல்லவேசி ஏரியின் பனிமேல் பச்சையும் சிவப்பும்.
சங்கல்பம் என்று வாய்விட்டு
எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

ஜனவரி ஒன்று, காலை ஏழு பத்து.
சலவைக்கூட நிறுத்தத்தில் கதவைத் திறந்து வைத்தேன்.
வண்டியின் சூடெல்லாம் வெளியேறிக்கொண்டிருந்தது.
பின்னாலிருந்து ஒரு கிழவர்,
விருந்து முடிந்து வீடு திரும்புகிற குரலில்,
"யாரும் இல்லையே அம்மா, எடுங்களேன்."
"நேரம் இருக்கிறது" என்றேன்.

முப்பத்தெட்டு. முப்பத்தேழு.
ஒரு மூச்சுக்கு நாலாக எண்ணினேன்.
கண்ணாடியில் தெருவிளக்கு,
உழுத பனி,
முயல் ஒன்று குறுக்கே போன தடம்.
ஒருவரும் ஓடி வரவில்லை.
வந்தாலும் அவளாக இருக்க வேண்டுமென்று
என்ன கட்டாயம்?
இருளில் ஒரு கை, ஒரு தொப்பி.
முகம் எனக்குத் தெரியவே தெரியாது.

பூஜ்யம்.
கதவை மூடினேன். எடுத்தேன்.

கடன் தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன்.
வண்டி நேரத்துக்குக் கிளம்பியது.

சிகரெட் பெட்டி இன்னும் கோட்டுப் பையில் இருக்கிறது.
அது வேறு சீட்டு.