வலக் கன்னம்

பேராதனையில் மழை. மகாவலி மண்நிறத்தில் போகிறது.
இரண்டாம் மாடி ஆய்வுகூடம்,
என் நுண்காட்டியில் குவியத் திருகு கொஞ்சம் வழுக்கும்.

முதலாண்டில் சொந்தக் கன்னத்தையே சுரண்டினோம்.
பல்குச்சி, ஒரு சொட்டு மெத்திலீன் நீலம்.
இசுரி தன்னுடையதைப் பார்த்து
அப்பளம் மாதிரி என்று சிங்களத்தில் சிரித்தாள்.
என்னுடையதும் அப்பளம்தான்,
ஓரம் மடிந்து, நடுவே ஒரு நீலப் புள்ளி.
அந்தப் புள்ளிக்குள் ஆறடி நூல் சுருண்டிருக்கிறது
என்றார் விரிவுரையாளர். வகுப்பே வாய் பிளந்தது.
பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவில்
ஏழு பேர் சுருண்டு படுத்த கணக்கு தெரிந்ததால்
நான் பேசாமல் இருந்தேன்.

இன்று வேறு தகடு.
சீட்டில் பெயரில்லை, அது ஒழுங்கு.
பெண். நாற்பத்தாறு. வலக் கன்ன உட்புறம்.
வாய்த் திறப்பு பதினேழு மில்லிமீற்றர்.
தொழில்: கொழுந்து.
ஓரத்தில் யாரோ பென்சிலால்
டிவிசன் பெயரையும் எழுதி, அழிக்க மறந்துவிட்டார்கள்.

வெள்ளிமலை. எங்கள் டிவிசன்.

பாடம் இப்படிப் போகிறது:
பாக்கிலிருந்து அரெக்கொலின் இறங்கும்.
விடியுமுன் பெரட்டுக்குத் தப்படிப்பதுபோல்
நார் நெய்யும் செல்களைத் தட்டி எழுப்பும்.
அவை எழும், கொலாஜன் நெய்யும், நெய்துகொண்டே இருக்கும்.
பாக்கிலேயே செம்பும் உண்டு.
செம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு நொதி
நாரோடு நாரை முடிச்சுப் போடும்.
நறுக்க வேண்டிய நொதியோ கை தளர்ந்து நிற்கும்.

குறிப்பேட்டின் ஓரத்தில் தமிழில் எழுதினேன்:
கவ்வாத்து நின்ற மலை.
தேயிலை செடியில்லை, மரம்.
வெட்டி வெட்டித்தான் இடுப்பளவில் வைத்திருக்கிறோம்.
விட்டால் கட்டையாகும், வளையாது.
அக்குறணை ஃபர்ஸானா எட்டிப் பார்த்து
"கவ்வாத்து எண்டா என்ன?" என்றாள்.
சொன்னேன்.
"பரீட்சையில அத எழுதிராத."

நாற்பது மடங்கு லென்ஸில் எங்கும் இளஞ்சிவப்பு.
குழாய்கள் நெரிந்து கோடாகி,
தசை இருக்க வேண்டிய இடத்திலும் நார்.
மேலே மெலிந்த படலத்தில் ஓரிடம் மட்டும்
நீலப் புள்ளிகள் பெருத்து, ஒன்றையொன்று முட்டி.
அடித்தளச் சவ்வு உடையவில்லை.
மூன்று முறை நகர்த்திப் பார்த்தேன். உடையவில்லை.

எங்கள் டிவிசனில் யார் யாருக்கு நாற்பத்தாறு?
எண்ணக் கூடாது. எண்ணினேன்.
செல்வநாயகி. ஆத்தோர லயத்து மாரிக்கண்ணு.
பிள்ளைக்காம்பராத் தவமணி, இல்லை, அவள் கொழுந்தில்லை.
பூரணம்.
போன தைப்பொங்கலுக்கு வடையைப் பிட்டுப் பிட்டு
விரல்நுனியளவு ஆக்கிப் போட்டுக்கொண்டாள்,
சம்பலை ஒதுக்கிவைத்தாள்.
நாசூக்கு என்று நினைத்தேன்.
பல் படிக்கிற நான்.

ஏழரைக்கு மலையேறினால் பன்னிரண்டுக்குத்தான் நிறுவை.
இடையில் வாய்க்கு ஒன்று வேண்டும்,
குளிருக்கு, பசிக்கு, காலில் ஏறும் அட்டைமேல் துப்ப.

அம்மாவுக்கு நாற்பத்தெட்டு.
ஒரு கணம் மகிழ்ந்தேன்.
அந்தக் கணத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
பிறகு நினைவு வந்தது:
நாற்பத்தெட்டு என்பது அடையாள அட்டையில்.
எங்கள் அட்டைகளில் வயது ஏறக்குறையத்தான்.

"என்ன தெரிகிறது?" என்றார் விரிவுரையாளர்.
ஆங்கிலத்தில் சொன்னேன்.
நார் மிகுதி, ஒழுங்குக் குலைவு நடுத்தரம்,
சவ்வு உடையவில்லை.
பத்துக்குப் பத்து.

படிக்கட்டில் நின்று போன் எடுத்தேன்.
அம்மா, மூணு விரல ஒண்ணுமேல ஒண்ணா நிறுத்தி
வாய்க்குள்ள வச்சுப் பாரு. நொழையுதா?
"பைத்தியமா ஒனக்கு? கையெல்லாம் கொழுந்துக் கற."
வச்சுப் பாரும்மா.
"இரு, கழுவிட்டு வாறேன்."

போனைத் திண்டில் வைக்கும் சத்தம்.
பீலிக்குப் போகும் செருப்புச் சத்தம்.
எங்கள் லயத்திலிருந்து பீலி தூரம்.