உதிர்ந்த ‘ஆம்’

இரவு பதினொன்றே காலுக்கு
ராம் நகர் நான்காவது தெருவுக்கு வந்து சேர்ந்தபோது
அது
‘ஏரி உடைஞ்சிடுச்சாம்’ என்றுதான் இருந்தது.
யார் குரலோ. பின்னால் ஒரு குழந்தை இருமிற்று.

நான் தட்டச்சு செய்து அனுப்பினேன்.
அவசரத்தில் அந்த ‘ஆம்’ உதிர்ந்துவிட்டது.

ஏரி உடைஞ்சிடுச்சு.

அப்புறம் மழைக்கு வேலையே இல்லை.
வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் ஏறி நின்றன.
தரைத்தளத்து எஸ்தர்
அரிசி மூட்டையை ஏற்றிவிட்டு
தையல் மெஷினைப் படிபடியாய் இழுத்தாள்.
ஒரு பக்கம் பிடித்தவன் நான்தான்.
“நல்லவேளை சொன்னீங்க” என்றாள்.

ஒன்றரைக்கு மறுப்பு வந்தது,
முத்திரையோடு, கோணலாக ஸ்கேன் செய்த பிடிஎஃப்.
யாரும் திறந்ததாகத் தெரியவில்லை.
நானே திறந்து, படித்து, எழுதினேன்:
ஏரி உடையவில்லை.
இரண்டு பேர் கும்பிடும் கை போட்டார்கள்.
ஒருவர் ரோஜாப்பூவோடு காலை வணக்கம்.

விடிந்ததும் பால் பூத்தில்
என் செய்தியை எனக்கே சொன்னார் சையது பாய்:
“உடையலையாம்.”

நான் தொலைத்த ‘ஆம்’
அங்கே போய் ஒட்டியிருந்தது.

இரண்டாம் மாடி வளைவில்
தையல் மெஷின் இன்னும் நிற்கிறது.
எதுக்கும் இருக்கட்டும் என்கிறாள் எஸ்தர்.
நான் சுவரை உரசிக்கொண்டு
இறங்குகிறேன்.