தண்ணீர் நடக்கிற வேகம்

கடலோரச் சாலை என்றது பலகை.
தரங்கம்பாடியை விட்டதிலிருந்து
கடலைத்தான் காணோம்.

சவுக்கு. அப்புறம் சீமைக்கருவேல்.
அப்புறம் இறால் பண்ணைகள்,
யார் மேலோ உள்ள கோபத்தில்
குட்டையை அடித்துக்கொண்டிருக்கும் சக்கரங்கள்.
"வலப்பக்கம் வயல், பாத்துக்க.
இடப்பக்கம் கடல், நம்பிக்க"
என்றாள் எமல்டா, ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்தபடி.

அவள் அண்ணனின் பழைய மாருதி.
ஏசி போட்டால் வேகம் செத்துப்போகும்,
கண்ணாடியை இறக்கினால் கருவாடு.
காரைக்காலில் பெட்ரோல் மலிவென்று டேங்க்கை நிரப்பி
மிச்சம் பிடித்ததை
நாகூரில் இறால் வாடாவுக்குக் கொடுத்தோம்.
நாலு நாள் லீவு.
ரத்தச் சாம்பிள்களுக்குப் பெயர் ஒட்டும் மேசையிலிருந்து
இரண்டு பேரும் சேர்ந்து தப்பித்தது
பதினோரு வருடத்தில் இப்போதுதான்.

வேளாங்கண்ணியில் ஐந்து நிமிடம் என்று இறங்கியவள்
அரை மணி கழித்து வந்தாள்.
மூக்கு சிவந்திருந்தது.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
மெழுகு வாசனை மட்டும்
சீட்பெல்ட் மாட்டிக்கொண்டு கூடவே வந்தது.

திருப்பூண்டி தாண்டி
போனில் இருக்கும் பெண் "வலது புறம் திரும்பவும்" என்றாள்.
திரும்பினோம்.
சாலை சுருங்கி, தார் உதிர்ந்து,
ஒரு மதகடியில் வந்து நின்றது.
டிவிஎஸ்ஸில் சாய்ந்திருந்தவர் கையைக் காட்டினார்:
"வண்டிய ஓரங்கட்டுங்க. தண்ணி வருது."

நாங்கள் வானத்தைப் பார்த்தோம்.
"மேல இல்லீங்க. கீழ."

வெடித்துக் கிடந்த வாய்க்கால் தரையில்
பழுப்பாய் ஒரு நாக்கு.
நுரை, சருகு, ஒற்றை நீலச் செருப்பு,
வீட்டைக் காலி செய்து ஓடும் எறும்புகள்,
எல்லாவற்றையும் முன்னால் தள்ளிக்கொண்டு.
மேட்டூரில் திறந்து இருபத்து மூன்று நாளாம்.
தருமையன், லஸ்கர்,
ஷட்டர் சாவியால் முதுகைச் சொறிந்துகொண்டே சொன்னார்:
"ஒவ்வொரு ஊரா நின்னு நின்னு வருது.
நம்மகிட்ட வர்றப்ப மூச்சு வாங்கிடும்."

கோடியக்கரை எங்கும் போய்விடாது.
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
கரையோடு நடந்தோம்.

சும்மா நடந்தாலே அதை முந்திவிடுகிறோம்.
நின்றால் வந்து சேர்கிறது.
நண்டு வளை வந்தால் அதுவும் நிற்கிறது;
வளை குடித்து முடித்து
கடைசியாய் ஒரு கொப்புளம் விட்ட பிறகுதான்
அடுத்த அடி.
வெடிப்புகள் உறிஞ்சும் சத்தம்
காலி இளநீரில் ஸ்ட்ரா போட்டு இழுக்கிற மாதிரி.
எங்களுக்கு முன்னே நாலு கொக்குகள்,
டியூட்டியில் இருக்கிற முகத்தோடு.

"டிரான்ஸ்ஃபர் வந்திருக்கு" என்றாள் எமல்டா.
கொக்குகளிடம் சொல்வது போலச் சொன்னாள்.
"ராமநாதபுரம்."
"எப்ப?"
"ஒண்ணாந்தேதி."

ஒரு பெரிய வளை.
தண்ணீர் நின்றது.
நாங்களும் நின்றோம்.
அது நிரம்ப வெகுநேரம் ஆயிற்று.

வாய்க்கால் முடிகிற இடத்தில் ஒரு பையன்
போனைக் கீழ்நோக்கிப் பிடித்திருந்தான்.
சார்ஜாவிலிருந்து ஒரு குரல் இரைந்தது:
"நம்ம மடைக்கு வந்துருச்சாடா?"
"இரு மாமா, நடந்து வருது."
"இவங்க யாரு?"
பையன் எங்களை ஒருமுறை பார்த்தான்.
"தண்ணியோட வந்தவங்க."

அதற்கு அப்பால் துருவேறிய கதவு,
இறக்கிப் பூட்டியது.
அந்தப் பக்கம் உப்பு, இந்தப் பக்கம் மேட்டூர்.
எட்டிப் பார்த்தேன்.
அங்கேயும் கடல் இல்லை,
அலையாத்திச் செடியும் கொஞ்சம் சேறும்தான்.

காருக்குத் திரும்பும்போது
காலில் சேறு காய்ந்து இழுத்தது.
வந்த வழியெல்லாம் வாய்க்காலில் வானம் கிடந்தது.
எமல்டா வண்டியைக் கிளப்பி
இரண்டாவது கியரைத் தாண்டவே இல்லை.
நானும் சொல்லவில்லை.
பின்னால் வந்த வேதாரண்யம் பஸ்
ஹாரன் அடித்து அடித்து
வைதுகொண்டே முந்திப் போனது.