உளையுது

டியூட்டி முடிந்து நேரே வருவாள் லக்மாலி,
யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரித் தாதி.
ஏழாம் பாடம்: "உங்களுக்கு எங்கே வலிக்கிறது?"
பிழையில்லாமல் வாசிப்பாள், பிழையில்லாமல் எழுதுவாள்.
வாட்டில் ஒருவருக்கும் வலிப்பதில்லை.
இங்கே வலிப்பு வேறு வியாதி.

இன்றைக்கு ஒரு மாத்திரை உறையின் முதுகில்
சிங்கள எழுத்தில் கொண்டுவந்திருந்தாள்
கேட்டது கேட்டபடி:
உளையுது.
கடுக்குது.
விண்விண்ணெண்டு தெறிக்குது.

புத்தகத்தை மூடினேன்.
அவள் சொல்ல, தபால் கந்தோர் அசங்க
காதைத் தீட்டிக்கொண்டு பலகையில் எழுதினான்:
கால் உலையுது.
ல, ள இரண்டும் அவன் வாய்க்கு ஒன்று.
"உலையில் அரிசிதான் போடலாம், தம்பி,
காலைப் போடேலாது."
சிரித்தபடி அழித்தான்; சுண்ணாம்புத் தூளில்
இன்னும் கொஞ்சம் லகரம் தெரிந்தது.
ஸ்டேசன் மாஸ்டர் பியதிலக்க வாசிக்க எழும்பினார்,
முழங்காலைப் பிடித்துக்கொண்டு.
நடிப்பென்று நினைத்தோம். இல்லையாம்.

"சேர், உளையிறதுக்கும் கடுக்கிறதுக்கும் என்ன வித்தியாசம்?"

இருபத்திரண்டு வருசம் தமிழ் படிப்பித்தவன்
என் நாரியைக் கேட்டுப் பார்த்தேன்.
அதுவும் ஒன்றும் சொல்லவில்லை.
"தெரியேல்லைப் பிள்ளை. கேட்டுக்கொண்டு வா."

உறையைத் திருப்பினாள்.
முதன்முதலாகத் தமிழ் எழுத்தில்,
யாரும் சொல்லாமல், தனக்கென்று:
பதினோராம் கட்டில் ஐயாவிடம் கேட்க வேண்டும்.
கொஞ்சம் யோசித்தாள்.
கடைசி இரண்டு சொல்லையும் வெட்டி
பக்கத்தில் எழுதினாள்: கேக்கோணும்.

சிவப்புப் பேனை என் கையில்தான் இருந்தது.
வெளியே கொக்குவில் பஸ் ஹோர்ன் அடித்தது.