எட்டு அறை, ஒரே இரவு

க்ரோனிங்கனில், கால்வாய்க்கு முதுகு காட்டி நிற்கும் வீடு.
அறை எட்டு. அடுப்பு ஒன்று. சோபா ஒன்று.
சோபாவைத்தான் முதலில் சந்தேகித்தோம்.
மனிதரைச் சந்தேகிப்பதைவிட அது சுலபம்.

அக்டோபர் முழுக்க, விளக்கணைத்தால் அரிப்பு.
விரலிடுக்கில், மணிக்கட்டில், இடுப்பில் எலாஸ்டிக் பதியும் இடத்தில்.
ஹெஸ்ஸல் சோப்பை மாற்றினான்.
யில்டௌ தக்காளியை நிறுத்தினாள்.
குளிருக்குத் தோல் வறண்டிருக்கிறது என்றேன் நான்.
ஒரே மேசையில் சூப் குடித்தபடி
மேசைக்கடியில் அவரவர் சொறிந்துகொண்டோம்.

டாக்டர் என் விரலிடுக்கில் லென்ஸை வைத்தார்.
‘இதோ, பென்சில் கீறல்போல ஒரு கோடு.
கோட்டின் முனையில் ஒரு புள்ளி. அவள்தான்.’
இந்த ஊரில் அறை கிடைக்காமல்
கூடாரமடித்துப் படுத்தவர்களைத் தெரியும் எனக்கு.
இவளோ, முன்பணம் இல்லை, ஒப்பந்தம் இல்லை,
என் தோலுக்குள் சுரங்கம் தோண்டி
முட்டையும் இட்டுக்கொண்டிருக்கிறாள்.

‘நான் அழுக்காக இருந்தேனா டாக்டர்?’
‘இல்லை. யாரோ ஒருவர் பக்கத்தில் இருந்தாய்.
வீட்டில் எத்தனை பேர்?’
‘எட்டு.’
‘எட்டுப் பேரும் ஒரே ராத்திரி. அரிக்காதவரும்தான்.
ஒருவர் தப்பினால் எல்லோரும் முதலிலிருந்து.’
பிறகு, முகவரி கேட்கிற குரலில்,
கடந்த இரண்டு மாதத்தில் யாரோடு படுத்தேன் என்று கேட்டார்.

ரூர்ட் மூன்றாவது மணியில் எடுத்தான்.
‘உன்னிடம் ஒன்று சொல்லணும்.’
வெகுநேரம் மூச்சு மட்டும். ‘குழந்தையா?’
‘இல்லை. அதைவிடச் சின்னது.’
சொன்னேன். சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது.
ஞாயிறு முழுக்க அக்காவின் கைக்குழந்தையை
மார்பில் போட்டுத் தூங்கவைத்திருக்கிறான்.
‘அவளுக்கு இப்போதே ஃபோன் செய்.
குழந்தைக்கு நீங்களாக எதையும் பூசாதீர்கள், டாக்டரிடம் போங்கள்.’
‘எனக்கு அரிக்கவே இல்லையே’ என்றான்.
‘எனக்கும்தான் அரிக்கவில்லை’ என்றேன், ‘ஆகஸ்டில்.’

வியாழன் இரவு, சமையல் மேசைமேல் எட்டு ட்யூப்.
நகம் வெட்டும் சத்தம் மாடிப்படி நெடுக.
ட்யாலிங் வாஷிங் மெஷினை அறுபது டிகிரியில் ஓட்ட
இரண்டு முறை ஃபியூஸ் போனது.
துவைக்க முடியாதவை கறுப்புப் பையில்:
என் பூட்ஸ், ஹெஸ்ஸலின் தோல் ஜாக்கெட்,
தன்னிடம் இல்லவே இல்லை என்று யில்டௌ சொல்லிவந்த கரடிபொம்மை.
‘திங்கள்வரை அவிழ்க்காதே’ என்று மார்க்கரில் எழுதினோம்.
மனிதத் தோல் கிடைக்காவிட்டால் மூன்று நாளில் செத்துவிடுமாம்.
அதற்கே அப்படி.

கழுத்திலிருந்து உள்ளங்கால்வரை. தொப்புளுக்குள்.
ஒவ்வொரு விரலிடுக்கும். நகத்துக்கடியில்.
கை கழுவினால் கைக்கு மறுபடியும்.
எல்லாம் நானே பூசிவிட்டேன்,
முதுகின் நடுவே ஓர் உள்ளங்கை அகலம் தவிர.
தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள்;
தெரிந்தும் எட்டவில்லை எனக்கு.

வெளிச்சம் இருந்தது வீட்ஸ்கேயின் அறையில் மட்டும்.
யாரோ விட்டுப்போனது என்று நினைத்து
என் சைக்கிளை நாற்பது யூரோவுக்கு விற்றவள்.
ஆறு வாரமாய்ப் பேச்சில்லை.
தட்டினேன். திறந்தாள்.
துண்டு கட்டி, வெண்ணெய் தடவிய ரொட்டிபோல் பளபளத்தாள்.
திரும்பி நின்றேன்.
அவள் கை சில்லென்றிருந்தது. ஓர் இடம் விடாமல்,
கணக்கு முடிக்கிறவள்போலத் தேய்த்தாள்.
பிறகு அவள் திரும்பினாள்.

காலையில் குளித்தோம். அரிப்பு நிற்கவில்லை.
செத்தவை உள்ளே கிடக்க, உடம்பு இன்னும் சில வாரம்
சண்டை பிடித்துக்கொண்டிருக்குமாம்.
‘பயந்து தினமும் பூசாதே.
அடுத்த வாரம் இன்னொரு முறை, எட்டுப் பேரும்.’

அடுத்த வியாழன், பத்தரை மணிக்கு
வீட்ஸ்கே தட்டினாள். ஒரு கையில் ட்யூப்.
மற்றக் கையில் இரண்டு இருபது யூரோ நோட்டு,
க்ரீம் பட்டு ஒன்றோடொன்று ஒட்டியபடி.

‘முதலில் முதுகு’ என்றேன்.